திரையாட்டமும் ஆடுவோர் கூற்றும்

முன்னுரை

கலை ஒன்று தோன்றுமிடத்து அதனைப் பற்றிய பேச்சும் உடன் தோன்றுகின்றது. பாட்டைக் கேட்டோர் பாட்டைப் பற்றியும், கூத்தைக் கண்டோர் கூத்தைப் பற்றியும் தம்முள் பேசிக்கொள்வர். அப்பேச்சே நாளடைவில் முறைப்பட்டுத் திறனாய்வு எனப் பெயர் பெறுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றி இன்று உலகெங்கும் பரவியுள்ள வீடியோ கேம் என்னும் ஆட்டக்கலைக்கும் இத்தகைய பேச்சு உண்டு. தாம் அவ்வமயம் ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தைப் பற்றி ஆடுவோர் தமக்குள் கருத்துப் பரிமாறிக்கொள்ளும் வழக்கம், அவ்வாட்டங்களின் வரலாற்றோடு ஒட்டியே வளர்ந்து வந்துள்ளது. அவ்வழக்கத்தின் இயல்பும் வகையும் பயனும் யாவை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வீடியோ கேம் என்பதனை ஈண்டுத் திரையாட்டம் என வழங்குவோம்.

இவ்வாராய்ச்சி தமிழ் கற்பார்க்கு எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுக்குரிய உறுப்புக்களை வகுத்துரைக்குமிடத்துக் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம் என்பனவற்றையும் உறுப்புக்களாகக் கொண்டார். கூறுவார் யார், கேட்பார் யார், எவ்விடத்து, எக்காலத்து, என்ன பயன் கருதி, எதனைச் சொல்லாது விடுத்து என்னும் இவ்வினாக்கள் செய்யுளுக்கே உரியனவாக அவரால் வகுக்கப்பட்டன எனினும், மக்கள் வழங்கும் எவ்வகைப் பேச்சையும் அளந்தறிவதற்கு அவை ஏற்ற கருவிகளாகும். பழைய அளவுகோல் புதிய பொருளை அளக்கப் பயன்படுமாயின், பொருள் விளங்குவதோடு அளவுகோலின் திறமும் விளங்கும்.

இடைநிலைக் கூற்றின் இயல்பு

ஒரு நூலைப் பற்றிக் கருத்துரைப்போர் அதனை முழுதும் கற்றிருத்தல் வேண்டும் என்பது நாம் கைக்கொண்டு வரும் நெறி. நூலின் முதலும் இடையும் கடையும் நோக்கி, முன்னுக்குப் பின் முரண் உண்டோ என ஆய்ந்த பின்னரே முடிவு கூறுதல் தக்கது எனக் கொள்கிறோம். திரையாட்டத்தை ஆடுவோர் கூற்றோ பெரும்பாலும் இதற்கு மாறானது. அவர்கள் ஆட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு பேசுகின்றார்கள். அடுத்து வருவது யாதென அறியாமலே, இதுகாறும் வந்ததைப் பற்றித் தம் கருத்தை உரைக்கின்றார்கள். இதனை இடைநிலைக் கூற்று எனலாம்.

இந்நிலைக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, ஆட்டத்தின் நெடுமை. ஒரு திரைப்படம் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்தில் முடிவுறும். கதை தழுவிய பெருந்திரையாட்டங்களோ நாற்பது மணி, நூறு மணி என நீள்வன. நாள்தோறும் சிறுபொழுது ஆடுவார்க்கு அவை திங்கட்கணக்கில் செல்லும். அத்துணைக் காலம் வாய்மூடி இருத்தல் மக்கள் இயல்பன்று. இரண்டாவது, ஆட்டத்தின் அருமை. நூலின் பக்கத்தைப் புரட்டுதல் எவர்க்கும் இயலும். ஆட்டத்திலோ ஒரு தடையை வெல்லாதார்க்கு அடுத்த பகுதி திறவாது. ஆகலின் தொடங்கியவர் பலராயினும் முடித்தவர் சிலரே. மூன்றாவது, ஆடுவோர்தோறும் ஆட்டம் வேறுபடுதல். ஒருவர் சென்ற வழியில் மற்றவர் செல்லார். ஒருவர் கண்டதனை மற்றவர் காணார். எனவே முழுமையாகக் கண்டோம் எனத் துணிந்து கூறுவார் எவரும் இலர்.

முடித்தோர் கூற்றே சான்றாகும் எனக் கொள்வோமாயின், ஆடுவோருள் பெரும்பாலோர் கூற்றைத் தள்ளிவிட நேரும். அவ்வாறு தள்ளுதல் தகுமோ என்பதே இக்கட்டுரையின் தலையாய வினா.

கூற்றும் கேட்போரும்

கூறுவோரை அவர் நிற்கும் நிலை பற்றித் தொடங்குவோர், இடைநிற்போர், முடித்தோர் என மூவகைப்படுத்தலாம். மூவர் கூற்றும் தம்முள் வேறானவை.

தொடங்குவோர் கூற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஜப்பானிய நாட்டு ஃபிரம் சாஃப்ட்வேர் நிறுவனத்தார் 2011-இல் வெளியிட்ட டார்க் சோல்ஸ் என்னும் ஆட்டம் அருமைக்குப் பெயர் பெற்றது. அதன் தொடக்கத்தில் ஆடுவோர் ஒரு பாழடைந்த திருவிடத்தில் வந்து நிற்பர். அங்கிருந்து பல வழிகள் பிரிகின்றன. பாறையை ஒட்டி மேலேறும் படிகளே புதியோர் செல்லத்தக்க வழி. ஆயினும் அதனை ஆட்டம் வெளிப்படையாக அறிவுறுத்துவதில்லை. அருகிலுள்ள இடுகாட்டு வழியில் இறங்கியவர்கள், வெட்டுண்டு வீழ்ந்தும் மீண்டும் எழும் எலும்புக்கூடுகளால் பன்முறை மடிவர். அவ்வாறு மடிந்தவர்கள், இவ்வாட்டம் நேர்மையற்றது எனச் சினந்து உரைப்பர். முடித்தவர்கள் இதனைக் கேட்டு நகைத்து, வழி தவறினீர் என்பர்.

இவ்விருவருள் யார் கூற்று உண்மை? முடித்தவர் கூறுவது வழியைப் பற்றிய உண்மை. தொடங்கியவர் கூறுவது ஆட்டத்தைப் பற்றிய உண்மை. வழியறியாது திகைக்குமாறு அவ்விடம் வகுக்கப்பட்டுள்ளது என்பதும், அத்திகைப்பு எத்தகைய உணர்ச்சியை விளைக்கின்றது என்பதும் தொடங்கியவர் வாயிலாகவே அறியத்தக்கவை. முடித்தவர்க்கு அத்திகைப்பு மறந்துவிடும். மறவாதவிடத்தும், வென்ற பெருமிதம் அதன்மேற் படிந்து அதன் நிறத்தை மாற்றிவிடும். முதன்முறை ஆடுவோன் அறியாமை மீண்டும் பெறுதற்கரிய ஒன்று. அதற்குச் சான்று பகர்வார் அதனுள் நிற்பவரே.

இடைநிற்போர் கூற்று பெரும்பாலும் வினாவும் விடையும் விரவியது. யான் இவ்விடத்துத் தடைப்பட்டேன், நீவிர் எவ்வாறு கடந்தீர் என்பது அதன் பொது வடிவம். ஈண்டுக் கருத்துரையும் உதவி நாடலும் பிரிவின்றிக் கலந்து நிற்கும். முடித்தோர் கூற்றோ ஒப்பீட்டுத் தன்மையது. முந்திய ஆட்டங்களோடு சீர்தூக்கிப் பார்த்தலும், முடிவு தொடக்கத்திற்கு இயைந்ததோ என ஆய்தலும் அதன்கண் மிகும். நாம் திறனாய்வு என வழங்குவதற்கு நெருங்கியது இதுவே.

கேட்போரும் இவ்வாறே வேறுபடுவர். இன்னும் தொடங்காதவர் வாங்கலாமோ என அறியக் கேட்பர். உடன் ஆடுபவர் துணை கருதிக் கேட்பர். முடித்தவர் தம் முதல் நாள் இன்பத்தைப் பிறர் வாயிலாக மீண்டும் நுகரக் கேட்பர். கூற்றின் வடிவம் கேட்போரை நோக்கியே அமையும் என்பது இதனாற் பெறப்படும்.

களன்

திரையாட்டத்தைப் பற்றிய பேச்சின் தொன்மையான களன்களுள் ஒன்று, பொது மக்கள் காசு இட்டு ஆடிய ஆட்டக்கூடம். ஜப்பானில் நாம்கோ நிறுவனம் 1984-இல் டவர் ஆஃப் டுருவாகா என்னும் ஆட்டத்தை ஆட்டக்கூடங்களில் வைத்தது. அதனை வகுத்தவர் மசநோபு எண்டோ. பொற்கவசம் பூண்ட வீரன் ஒருவன் 60 தளங்கள் கொண்ட கோபுரத்தின்மேல் ஏறிச் சிறைப்பட்ட நங்கையை மீட்பது அதன் கதை. தளங்களில் கருவூலப் பெட்டிகள் மறைந்துள்ளன. அவை தோன்றுதற்குரிய செயல் தளந்தோறும் வேறு; அச்செயல் யாதென ஆட்டம் எவ்விடத்தும் கூறாது. முதல் தளத்தில் பசுநிறப் பூதம் மூன்றனைக் கொன்றால் பெட்டி தோன்றும். மேல் தளங்களிலோ எவரும் எளிதில் எண்ணிப்பாராத செயல்கள் வேண்டப்படுகின்றன. சில பொருள்களைப் பெறாது சென்றால் கோபுரத்தின் முடிவை எய்தவும் இயலாது.

தனியொருவர் இவற்றையெல்லாம் கண்டறிதல் அரிதினும் அரிது. ஆகலின் ஆடுவோர் ஒரு வழி கண்டனர். ஆட்டக்கூடத்தில் ஒரு குறிப்பேடு வைக்கப்படும். ஒருவர் தாம் கண்டறிந்ததனை அதில் எழுதிச் செல்வார். மற்றொரு நாள் வருபவர் அதனைப் படித்து, ஆடிப் பார்த்து, சரியெனவோ பிழையெனவோ கீழே குறிப்பார். முகமறியாதார் பலர் ஓர் ஏட்டின் வாயிலாகக் கூடி ஒரு புதிரை விடுவித்தனர். செய்தியோடு கருத்தும், சில வேளை ஓவியமும் அவ்வேடுகளில் இடம்பெற்றன. மூலத்தின் அருமையே உரையைத் தோற்றுவித்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

நிண்டெண்டோ நிறுவனத்தின் ஷிகேரு மியாமோட்டோ 1986-இல் வெளிவந்த தி லெஜண்ட் ஆஃப் செல்டா என்னும் ஆட்டத்தை வகுத்தபோது, ஆடுவோர் தம் நண்பரோடு கலந்து பேச வேண்டும் என்பதனையும் கருத்திற் கொண்டிருந்தமையைப் பின்னர் உரைத்துள்ளார். எரித்தால் வழிவிடும் புதரும், வெடித்தால் திறக்கும் பாறையும் அதன்கண் உள. ஒரு சிறுவன் கண்டதனைப் பள்ளித் தோழனுக்குக் கூறுதல் அவ்வாட்டத்தின் புறத்தே நிகழினும், அதன் அமைப்பின் ஒரு பகுதியாகவே அமைந்தது.

களன் புறத்திலிருந்து அகத்திற்கு வந்தது 2009-இல் ஆகும். அவ்வாண்டு ஃபிரம் சாஃப்ட்வேர் நிறுவனத்தார் பிளேஸ்டேஷன் 3 கருவிக்காக வகுத்த டீமன்ஸ் சோல்ஸ் என்னும் ஆட்டம் வெளிவந்தது. அதன் இயக்குநர் ஹிடெடாக்கா மியாசாக்கி. அவ்வாட்டத்தில் ஆடுவோர் தாம் நிற்கும் நிலத்தின்மேல் ஒரு குறிப்பை எழுதி வைக்கலாம். வேறொரு நாட்டில் தம் இல்லத்திலிருந்து ஆடுபவர் அவ்விடத்தை அடையும்போது அக்குறிப்பு அவர்க்குத் தோன்றும். குறிப்பை விரும்பியவாறு எழுத இயலாது. முன்னரே அமைக்கப்பட்ட தொடர்களையும் சொற்களையும் தேர்ந்து இணைத்தல் வேண்டும். முன்னே பகைவர் பதுங்கியுள்ளனர் என்பது போன்ற சிறு தொடர்களே இயல்வன. படித்தவர் அதனை நன்றெனக் குறித்தால், எழுதியவரின் ஆட்டவுயிர் வளம் பெறும். ஒருவர் மடிந்த இடத்தில் குருதிக்கறை தோன்றும். அதனைத் தொட்டால் அவர் மடிந்தவாறு நிழலாகக் காட்டப்படும்.

மியாசாக்கி இவ்வமைப்புக்குத் தூண்டுதலாக அமைந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறியுள்ளார். பனி மூடிய மேட்டில் வண்டிகள் ஏற இயலாது நின்றபோது, பின்னிருந்த வண்டி முன்னதனைத் தள்ள, ஒவ்வொன்றாக மேடேறினவாம். நின்று நன்றி கூறினால் தம் வண்டி மீண்டும் தடைப்படும். ஆகலின் உதவியவர் யார் என அறியாமலே அனைவரும் சென்றனர். வரிசையில் கடைசியாக நின்ற வண்டி மேடேறிற்றோ என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் நிலைத்தது. முகமறியாதார் செய்யும் உதவி, நன்றி பெறாது கடந்து போகும் உறவு என்னும் இவையே அந்நிலக்குறிப்புக்களின் உயிர்நிலை.

சொற்கட்டுப்பாடு கற்பனையைத் தடுக்கவில்லை என்பதும் அறியத்தக்கது. அதே நிறுவனத்தார் 2022-இல் வெளியிட்ட எல்டன் ரிங் என்னும் ஆட்டத்தில், ஆமைகளின் அருகே நாய் எனக் குறிப்பெழுதி வைக்கும் நகைச்சுவை வழக்கு ஆடுவோரிடையே பரவிற்று. அளந்து கொடுக்கப்பட்ட சொற்களிலிருந்தே ஒரு குழூஉக்குறி பிறந்தது. மலைவிளிம்பில் குதித்துப் பார்க்க எனத் தூண்டும் பொய்க் குறிப்புக்களும் உள. அவற்றை நம்பிக் குதித்தோர் மடிவர். ஆகலின் குறிப்பைப் படிப்போர் அதன் நம்பகத்தன்மையை ஆராயவும் கற்கின்றனர். ஏடு கண்டதெல்லாம் மெய்யெனக் கொள்ளாமை ஆராய்ச்சியாளர்க்கு மட்டுமன்றி ஆட்டக்காரர்க்கும் வேண்டுவதாயிற்று.

காலம்

இடைநிலைக் கூற்றை மதிப்பிடுவதற்குக் காலமே சிறந்த உறுப்பு. அச்சிதழ்களின் மதிப்புரைகள் ஆட்டம் வெளிவரும் காலத்தை ஒட்டி எழுதப்படுவன. 1986-இல் தொடங்கிய ஃபாமித்சு என்னும் ஜப்பானிய இதழில் நால்வர் தனித்தனியே பத்துக்கு இத்தனை எனப் புள்ளி வழங்க, அவற்றின் கூட்டுத்தொகை நாற்பதுக்கு இத்தனை எனத் தரப்படும் முறை புகழ் பெற்றது. அப்புள்ளிகள் ஒருமுறை அச்சேறிய பின் மாறா. ஆடுவோர் கூற்றோ நாளும் மாறுவது.

வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்னும் ஆட்ட விற்பனைக் களத்தில், வாங்கியவர் தம் கருத்தை எழுதும் முறை 2013-இல் ஏற்பட்டது. ஆட்டத்தைப் பிறர்க்குப் பரிந்துரைக்கின்றேன் அல்லது பரிந்துரைக்கவில்லை என்னும் இரண்டனுள் ஒன்றை அவர் தேர்தல் வேண்டும். பின்னர்க் காரணத்தை எழுதலாம். அக்கருத்துரையின் தலைப்பில், அவர் அவ்வாட்டத்தை எத்துணை மணி நேரம் ஆடினார் என்பது பொறிக்கப்படுகின்றது. கூறுவோன் எந்நிலையில் நின்று கூறுகின்றான் என்பதனைக் கேட்போன் உடனே அறிதற்கு இது வாயிலாகும். திறனாய்வாளர் நூலில் எத்தனை பக்கம் படித்தார் என்பதனை அவர் கட்டுரையின் தலையில் அச்சிடுவதை ஒப்பது இது.

அம்மணிக்கணக்கு ஒரு புதிருக்கும் இடனாகின்றது. பன்னூறு மணி நேரம் ஆடிய ஒருவர் பரிந்துரைக்கவில்லை எனக் கூறுவதுண்டு. விரும்பாததை அத்துணை நேரம் எவர் ஆடுவார் என நகைத்தல் எளிது. ஆயினும் இக்காலத் திரையாட்டங்கள் வெளிவந்த பின்னும் திருத்தப்பட்டுக்கொண்டே வருவன. அவர் விரும்பி ஆடிய ஆட்டம் ஒன்று. திருத்தத்தால் இன்று விளங்கும் ஆட்டம் மற்றொன்று. மூலமே மாறுமிடத்து, எப்பாடத்தைப் பற்றிய கருத்து இது என்னும் வினா எழுகின்றது. பாடவேறுபாட்டு ஆராய்ச்சியில் பழகியவர்க்கு இவ்வினா புதிதன்று.

இதற்குச் சிறந்த சான்று நோ மேன்ஸ் ஸ்கை என்னும் ஆட்டம். இங்கிலாந்தின் கில்ஃபோர்டு நகரத்துச் சிறு நிறுவனமான ஹலோ கேம்ஸ் அதனை 2016 ஆகஸ்டுத் திங்களில் வெளியிட்டது. எண்ணிலடங்காக் கோள்களைக் கணக்கீட்டு முறையால் தோற்றுவிக்கும் அவ்வாட்டம் பேரெதிர்பார்ப்பை எழுப்பியிருந்தது. வெளிவந்தவுடன், ஒரே கோளில் ஒரே இடத்தில் சந்திக்க முயன்ற இரண்டு ஆட்டக்காரர் ஒருவரை ஒருவர் காண இயலவில்லை. சொன்னதும் செய்ததும் ஒவ்வா எனப் பெருங்கண்டனம் எழுந்தது. நிறுவனத்தார் சொல்லாடாது திருத்தங்களை விலையின்றி அளித்து வந்தனர். 2018 ஜூலைத் திங்களில் வந்த நெக்ஸ்ட் என்னும் திருத்தத்தால் பலர் கூடி ஆடும் வாய்ப்பு முறையாக ஏற்பட்டது. 2016-இல் மிகத் தாழ்ந்திருந்த ஆடுவோர் மதிப்பீடு, 2024-இல் ஸ்டீம் களத்தில் மிக நன்று என்னும் நிலையை எய்திற்று.

ஆடுவோர் 2016-இல் கூறியது பிழையோ? அன்று. அன்றைய ஆட்டத்திற்கு அது பொருந்தும். 2024-இல் கூறியதும் மெய்யே. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவார்க்கே அவ்வாட்டத்தின் வரலாறு விளங்கும். ஒரு கூற்றை அதன் காலத்திலிருந்து பிரித்தால் அது பொய்யாகிவிடும் என்பது இதனால் தெளிவாகின்றது.

பயன்

ஆடுவோர் கூற்றின் முதற்பயன் ஒருவர்க்கொருவர் உதவுதல். அது மேலே விளங்கிற்று. இரண்டாம் பயன், ஆட்டத்தையே மாற்றுதல்.

கனடா நாட்டுப் பயோவேர் நிறுவனத்தின் மாஸ் எஃபெக்ட் 3 என்னும் ஆட்டம் 2012 மார்ச்சுத் திங்களில் வெளிவந்தது. மூன்று பகுதிகளாக நீண்ட விண்வெளிக் கதையின் இறுதிப் பகுதி அது. முதற்பகுதி முதல் ஆடுவோர் செய்த தேர்வுகள் பின்வரும் பகுதிகளில் பயன் விளைக்கும் என்பது அதன் சிறப்பு. இறுதியில் வந்த மூன்று முடிவுகளும் நிறத்தில் மட்டுமே பெரிதும் வேறுபட்டன என ஆடியவர் குறைபட்டனர். அவருட் சிலர் தம் குறையை உணர்த்திய முறை நயமானது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்களில் 400-க்கு மேற்பட்ட சிறு கேக்குகளைச் செய்வித்து நிறுவனத்திற்கு அனுப்பினர். நிறம் மூன்றாயினும் சுவை ஒன்றே. அதே குழுவினர் வழியாகக் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு உதவும் அறநிலையம் ஒன்றிற்குப் பெருந்தொகையும் திரண்டது. அவ்வாண்டு ஜூன் திங்களில் நிறுவனத்தார் முடிவை விரித்துரைக்கும் பகுதியை விலையின்றி வெளியிட்டனர்.

ஈண்டு ஒரு சிக்கல் எழுகின்றது. படைத்தோன் முடித்த முடிவை நுகர்வோர் மாற்றுமாறு கேட்டல் தகுமோ? படைப்பு படைத்தவனுக்கே உரியது எனக் கூறுவோர் அன்றும் இருந்தனர். ஆயினும் அவ்வாட்டம், நின் தேர்வே கதையை நடத்தும் என ஆடுவோனை அழைத்தது. அழைக்கப்பட்டவன் இறுதியில் தன் பங்கு யாதென வினவுதல் முறையே. முடிவின் அடிப்படை மாறாது அதன் விளக்கமே கூட்டப்பட்டமையின், இருபாலார் உரிமையும் ஓரளவு காக்கப்பட்டன எனலாம்.

மற்றொரு சான்று 2024-ஆம் ஆண்டினது. சுவீடன் நாட்டு ஆரோஹெட் நிறுவனம் வகுத்து, சோனி நிறுவனம் வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 என்னும் ஆட்டத்தைக் கணினியில் ஆடுவோர், பிளேஸ்டேஷன் கணக்கு ஒன்றையும் தொடங்குதல் வேண்டும் என மே திங்களின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. அக்கணக்கைத் தொடங்க இயலாத நாடுகள் பல. விலை கொடுத்து வாங்கிய ஆட்டத்தை இழக்க நேரும் என அஞ்சியோரும், அவர்க்காகப் பரிந்தோரும் ஸ்டீம் களத்தில் சில நாள்களுக்குள் 200,000-க்கு மேற்பட்ட எதிர்க்கருத்துக்களைப் பதிந்தனர். மே 6-ஆம் நாள் சோனி அவ்வறிவிப்பைக் கைவிட்டது.

கூற்றின் குற்றங்கள்

பயன் கூறியவிடத்துக் குற்றமும் கூறுதல் முறை. கூட்டம் கூட்டமாக எதிர்க்கருத்துப் பதிதல், ஆட்டத்தோடு தொடர்பற்ற பகையைத் தீர்த்துக்கொள்ளும் வழியாகவும் பயன்படுத்தப்பட்டுள்ளது. இதனை உணர்ந்த வால்வ் நிறுவனத்தார், 2017-இல் கருத்துக்களின் ஏற்றத்தாழ்வைக் காலவரிசையில் காட்டும் வரைபடத்தை அமைத்தனர். 2019-இல் ஆட்டத்திற்குப் புறம்பான காரணத்தால் எழுந்த கருத்துத் திரளை மதிப்பீட்டுக் கணக்கினின்று நீக்கும் முறையையும் கொண்டு வந்தனர். ஆட்டத்திற்குப் புறம்பானது எது என வரையறுப்பது யார் என்னும் வினா மட்டும் இன்னும் முற்றத் தீர்ந்தபாடில்லை. ஹெல்டைவர்ஸ் ஆடுவோரின் குறை ஆட்டத்தின் கதையையோ அமைப்பையோ பற்றியதன்று. எனினும் ஆட்டத்தையே ஆட இயலாது போகும் நிலையைப் பற்றியது. அதனைப் புறம்பானது எனத் தள்ளுதல் எவ்வாறு கூடும்?

எண்ணிக்கைக்கும் காரணத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஈண்டு மறத்தல் ஆகாது. நூற்றுக்கு இத்தனை பேர் பரிந்துரைத்தனர் என்பது ஒரு தொகை. ஒருவர் எதனால் மகிழ்ந்தார், எவ்விடத்துச் சலித்தார் என்பது ஒரு கூற்று. தொகை விரைந்து படிக்கப்படுகின்றது. கூற்று படிக்கப்படாது கிடக்கின்றது. தொகையை மட்டும் நோக்கும் பழக்கம் வளருமாயின், ஆடுவோர் பேச்சு திறனாய்வாக வளராது வாக்கெடுப்பாகச் சுருங்கிவிடும்.

எச்சம்

சொல்லாது விடுதலும் ஒரு கூற்றே. ஆடுவோர் பேச்சில் இஃது ஓர் அறமாகவே போற்றப்படுகின்றது. பிறர் தாமே கண்டு வியக்க வேண்டியதனை முன்னரே கூறிக் கெடுத்தல் பெருங்குற்றமாகக் கருதப்படும். எனவே கருத்துரைப்போர் பொருளை மறைத்து உணர்ச்சியை மட்டும் உரைக்கும் திறத்தைப் பயில்கின்றனர்.

இதன் எல்லை நிலத்தை, மோபியஸ் டிஜிட்டல் நிறுவனம் வகுத்து, 2019-இல் வெளிவந்த அவுட்டர் வைல்ட்ஸ் என்னும் ஆட்டத்தில் காணலாம். சிறு ஞாயிற்றுக் குடும்பம் ஒன்றில் ஆடுவோன் கோள் கோளாகச் சென்று, மறைந்துபோன பழங்குலத்தார் விட்டுச் சென்ற எழுத்துக்களைப் படித்து உண்மையை ஆராய்கின்றான். அவன் பெறும் வலிமை கருவியாலோ படைக்கலத்தாலோ அன்று. அறிவு ஒன்றே அவனை முன் செலுத்தும். அறிய வேண்டியதனை அறிந்தவனுக்கு ஆட்டத்தின் முடிவு தொடக்கத்திலேயே திறந்து கிடக்கும். ஆதலின் ஒரு செய்தியைப் பிறர் கூறிவிடின், ஆட்டத்தின் ஒரு பகுதியையே அவர் பறித்துவிட்டவர் ஆகின்றார். அதனை ஆடி முடித்தோர் பிறர்க்குப் பரிந்துரைக்கும்போது, ஒன்றும் அறியாமலே சென்று ஆடுக என்பதற்கு மேல் உரைக்க மறுப்பர். அவ்வறத்தைப் போற்றி இக்கட்டுரையும் இதற்கு மேல் கூறாது விடுகின்றது.

முடித்தவர்க்கு மீண்டும் அவ்வியப்பைப் பெறும் வழி ஒன்றே உண்டு. புதிதாக ஆடுபவரின் அருகிருந்து, அவர் கூறும் பிழையான ஊகங்களையெல்லாம் மறுக்காது கேட்டிருத்தலே அது. முன்னர் எள்ளப்பட்ட இடைநிலைக் கூற்று ஈண்டு முடித்தவரால் விரும்பித் தேடப்படும் பொருளாகின்றது.

அழிவும் காப்பும்

இனி, இக்கூற்றுக்களின் நிலைபேற்றைக் காண்போம். டீமன்ஸ் சோல்ஸ் ஆட்டத்தின் முதற்பதிப்புக்குரிய இணைப்புச் சேவை 2018 பிப்ரவரி 28-ஆம் நாள் நிறுத்தப்பட்டது. ஒன்பது ஆண்டுகளாக ஆடுவோர் நிலத்தில் எழுதி வைத்த குறிப்புக்கள் அன்றோடு மறைந்தன. இன்று அம்முதற்பதிப்பை ஆடுவோர் அதே கோட்டைகளையும் சதுப்பு நிலங்களையும் காணலாம். ஆயினும் நிலத்தில் எழுத்து இல்லை. 2020-இல் பிளேஸ்டேஷன் 5 கருவிக்காகப் புதுக்கி வெளியிடப்பட்ட பதிப்பில் குறிப்புக்கள் உண்டெனினும் அவை புதியோர் எழுதியவை.

நிண்டெண்டோ நிறுவனம் 2012-இல் வீ யூ கருவியோடு தொடங்கிய மீவர்ஸ் என்னும் அமைப்பும் இத்தகையது. ஆடுவோர் அதில் கையால் எழுதியும் வரைந்தும் தம் கருத்தை வெளியிட்டனர். 2015-இல் வந்த ஸ்பிளட்டூன் ஆட்டத்தில் அவ்வோவியங்கள் ஆட்டத்தினுள் தோன்றும் நகரத்தின் சுவர்களில் காட்சியளித்தன. 2017 நவம்பர் 8-ஆம் நாள் அவ்வமைப்பு மூடப்பட்டது. தன்னார்வலர் சிலர் அழியுமுன் பெருந்திரளைப் படியெடுத்துக் காத்தனர்.

ஏட்டுச் சுவடிகள் நீருக்கும் நெருப்புக்கும் செல்லுக்கும் இரையானமையால் நாம் இழந்தவற்றை நினைந்து இன்றும் வருந்துகின்றோம். மூல நூல் கிடைத்தும் பழைய உரை கிடையாதவிடத்து எத்துணை இடர்ப்படுகின்றோம் என்பதும் நாம் அறிந்ததே. ஆட்டத்தின் வட்டும் நிரலும் காக்கப்பட்டு, ஆடியவர் கூற்று அழியுமாயின், பிற்காலத்து ஆராய்வோர்க்கு மூலம் கிடைக்கும். அதனை மக்கள் எவ்வாறு நுகர்ந்தனர் என்பது கிடைக்காது. சிறுவர் பேச்சு எனவும் பொழுதுபோக்கு எனவும் இகழ்ந்து விடத்தக்கதன்று இது. நாட்டுப்புறப் பாடல்களையும் ஒரு காலத்துக் கற்றோர் பலர் இவ்வாறே இகழ்ந்தனர் என்பதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். திரையாட்டம் ஆடுவோர் தம் ஆட்டத்தின் நடுவே நின்று கூறும் கருத்து, முடிந்த முடிபு அன்றாயினும் வெற்றுரை அன்று. முதன்முறை நுகர்வின் திகைப்பும் வியப்பும் சினமும் அதன்கண் மட்டுமே பதிந்துள்ளன. கூறுவோன் நிலையும், கேட்போன் நோக்கமும், களனும், காலமும் அறிந்தே அதனை மதிப்பிடல் வேண்டும்; அவற்றினின்று பிரித்துத் தொகையாக்கினால் அதன் பொருள் கெடும். அக்கூற்று உதவியாகவும், கண்டனமாகவும், சில வேளை மூலத்தையே திருத்தும் ஆற்றலாகவும் பயன்படுகின்றது. ஆயினும் அது விரைந்து அழியும் தன்மையது.

நூலை முழுதும் கற்றோர் கூற்றுக்கே மதிப்பளிக்கும் நம் நெறி தவறன்று. எனினும், கற்றுக்கொண்டிருப்போர் கூற்றுக்கும் ஓர் இடம் உண்டு என்பதனைத் திரையாட்டம் ஆடுவோர் வழக்கம் நமக்கு உணர்த்துகின்றது. வகுப்பில் ஒரு காப்பியத்தின் பாதியைப் படித்து நிற்கும் மாணவன், மேலே என்ன நிகழும் எனத் தான் கருதுவதனையும், எவ்விடத்துத் தனக்கு விளங்கவில்லை என்பதனையும் எழுதிவைப்பானாயின், அவ்வேடு அவன் பின்னர் எழுதும் ஆராய்ச்சிக்கு நல்லதொரு சான்றாக அமையும். முடித்த பின் அதனை அவன் நினைவிலிருந்து எழுத இயலாது.